வேலை போனதில் என் பங்கு எவ்வளவு?

1. தென்கரைவாசி | ஞாயிறு, இரவு 9.40

எனக்கு வயது 39. மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். மதுரைக்கு வெளியே ஒரு ரப்பர் உதிரிபாகத் தொழிற்சாலையில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன்; கடைசி நான்கு ஆண்டுகள் ஷிப்ட் மேற்பார்வையாளர். 2023 ஜனவரியில் வெளியே வந்தேன். "நீயே விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிடு, அதுதான் உனக்கு மரியாதை" என்றார்கள். எழுதிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து ஒரே கதையைத்தான் சொல்லி வருகிறேன். மேலாளர் தன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள என்னைப் பலி கொடுத்துவிட்டார். மனைவியிடம் சொன்னேன், மாமனாரிடம் சொன்னேன், வேலை கேட்டுப் போன இடங்களிலும் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள்.

போன வாரம் கே.புதூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போயிருந்தேன். முதலாளிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "சரி தம்பி, அந்தத் தாளில் இருந்த அளவுகளை அளந்தது யார்?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அவருக்குச் சொல்லாத பதிலை இங்கே சொல்கிறேன். யாரும் அளக்கவில்லை. 2022 நவம்பரில் ஓர் இரவு ஷிப்ட். விடிவதற்குள் எட்டாயிரம் ரப்பர் புஷ்கள் லாரி ஏற வேண்டும். கடினத்தன்மை 60 இருக்க வேண்டும்; ஐந்து கூடலாம், ஐந்து குறையலாம். தட்டுக்கு ஐந்து உருப்படி எடுத்து, கடினத்தன்மையை அளக்கும் டியூரோமீட்டரை வைத்து அழுத்திப் பார்த்து எழுத வேண்டும். நான் முந்தைய நாள் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 60, 61, 60, 59, 61 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாங்கிய கம்பெனியில் அளந்தபோது 48, 50 என்று வந்தது. மொத்தச் சரக்கும் திரும்பி வந்தது.

மேலாளர் அவசரப்படுத்தியது உண்மை. ஆனால் பேனாவைப் பிடித்திருந்தது என் கை. இத்தனை நாள் அடுத்தவர் மேல் பழியைப் போட்டுத் திரிந்துவிட்டேன். இதே நிலையில் இருந்து மீண்டவர்கள் இங்கே இருந்தால், எப்படி மீண்டீர்கள் என்று சொல்லுங்கள்.

2. நான்காம் முயற்சி | ஞாயிறு, இரவு 10.25

அண்ணன், உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன்.

நான் குரூப் 4 தேர்வு மூன்று முறை எழுதியவள். மூன்று முறையும் கையருகே வந்து நழுவியது. வீட்டில் கேட்டவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வைத்திருந்தேன்: வினாத்தாள் கடினம், இடங்கள் குறைவு, கட் ஆப் ஏறிவிட்டது. அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த ஆண்டில் அதையும் சேர்த்துக்கொண்டேன். இவற்றில் எதுவும் பொய் இல்லை. அதனால்தான் அவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எளிதாக இருந்தது.

மொத்தம் 200 கேள்விகள். தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் என்பதால் திறனறிவு மட்டும் 37.5 மதிப்பெண். எனக்குக் கணக்கு என்றால் பள்ளி நாளிலிருந்தே பயம். மூன்று தேர்வுகளிலும் அந்த 25 கேள்விகளைக் கடைசி இருபது நிமிடத்துக்கு ஒதுக்கினேன். ஒதுக்கினேன் என்பதே பெரிய சொல். கண்ணை மூடிக்கொண்டு வட்டத்தைக் கறுப்பாக்கினேன். தமிழை மட்டும் ஏழு முறை திருப்பிப் படித்தேன், ஏனென்றால் தெரிந்ததைப் படிக்கும்போது மனம் நிறைகிறது.

இப்போது புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குத் தினமும் போகிறேன். 2023இல் அது திறந்ததிலிருந்து எங்களைப் போன்றவர்களுக்கு அது ஒரு வீடு. போனதும் முதல் ஒன்றரை மணி நேரம் கணக்கு மட்டும்தான். தனிவட்டி, கூட்டுவட்டி, காலமும் வேலையும், மீ.பொ.வ., மீ.பொ.ம. ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்கினேன். 29 வயதில் ஆறாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்து உட்கார எனக்கு இரண்டு மாதம் கூச்சமாக இருந்தது.

அப்பாவின் நோய் என் கையில் இல்லை. அந்த 25 கேள்விகள் என் கையில் இருந்தன. இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டி வைத்திருந்தேன். பிரித்து வைத்தபோதுதான் எதைத் தூக்க வேண்டும் என்று தெரிந்தது.

3. யானைமலை | திங்கள், காலை 7.10

இங்கே ஒரு மாற்றுக் கருத்து வேண்டும் என்று நினைக்கிறேன். நான் தொழிலாளர் வழக்குகள் நடத்துபவன். இருபது ஆண்டுகளில் "பொறுப்பேற்றுக்கொள்" என்ற சொல்லை மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் சொல்லித்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். கீழிருந்து மேலே அந்தச் சொல் போனதை நான் கண்டதில்லை.

தென்கரைவாசி, உங்கள் மேல் குற்றம் இருந்தால் குறிப்பாணை கொடுத்து, பதில் வாங்கி, உள்விசாரணை நடத்தியிருக்க வேண்டும். அந்த விசாரணையில் முதல் கேள்வியே "இரவோடு இரவாகச் சரக்கு ஏற்றச் சொன்னது யார்?" என்பதாகத்தான் இருந்திருக்கும். அந்தக் கேள்வி எழக் கூடாது என்பதற்காகத்தான் உங்களிடம் விலகல் கடிதம் வாங்கினார்கள். "மரியாதை" என்று அவர்கள் சொன்னது யாருடைய மரியாதையை? நீங்கள் உங்கள் பங்கை ஒப்புக்கொள்வது நல்லது. அவர்களுடைய பங்கையும் சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

ஒரு கேள்வி. பணிக்கொடை (கிராஜுட்டி) வாங்கினீர்களா?

4. தென்கரைவாசி | திங்கள், காலை 7.55

இல்லை ஐயா. கேட்கவில்லை. அவ்வளவு பெரிய நட்டத்தை உண்டாக்கிவிட்டு எந்த முகத்தோடு போய்ப் பணம் கேட்பது என்று இருந்துவிட்டேன். அடையாள அட்டையைக் கூட வாசல் காவலரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பி.எப். பணத்தை மட்டும் எடுத்தேன், மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக.

5. யானைமலை | திங்கள், காலை 8.30

இதைத்தான் எதிர்பார்த்தேன். படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

தம்பி, ஊருக்கெல்லாம் "மேலாளர்தான் காரணம்" என்று சொன்னீர்கள். உள்ளுக்குள் உங்களுக்கு நீங்களே தண்டனை கொடுத்துக்கொண்டீர்கள். இரண்டிலும் கணக்குச் சரியில்லை. பணிக்கொடை என்பது முதலாளி மகிழ்ந்து கொடுக்கும் பரிசு இல்லை. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து உழைத்தவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தின் மிச்சம். நீங்கள் விலகியபோது நடப்பில் இருந்தது 1972ஆம் ஆண்டுச் சட்டம். மேற்பார்வையாளருக்கும் அது பொருந்தும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்க வேண்டும். உங்களுக்கு அது 19,500 ரூபாயாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 11,250. பதினோரு ஆண்டுகளுக்கு 1,23,750 ரூபாய்.

"நட்டம் உண்டாக்கினேனே" என்கிறீர்கள். கவனக்குறைவால் நட்டம் உண்டாக்கியவரைப் பணிநீக்கம் செய்தால், அந்த நட்டத்தின் அளவுக்குப் பிடித்தம் செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் உங்களைப் பணிநீக்கம் செய்யவில்லையே. விலகலைப் பெற்றுக்கொண்டார்கள். அந்தப் பிரிவு உங்களைத் தொடாது. நீங்கள் கேட்காவிட்டாலும் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு. காலம் கடந்துவிட்டது என்று மட்டும் சொல்லித் தள்ளிவிடவும் முடியாது. தக்க காரணம் காட்டினால் ஏற்க வேண்டும். தாமதத்துக்கு வட்டியும் கேட்கலாம். விண்ணப்பத்தை எழுதுங்கள். வராவிட்டால் தொழிலாளர் துறையின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போகலாம்.

6. இரண்டாம் ஷிப்ட் | திங்கள், பிற்பகல் 3.15

நான் கப்பலூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். ரப்பரை அச்சில் சூட்டோடு அழுத்தும் பிரஸ்ஸில் ஆபரேட்டராகத் தொடங்கியவன். அதனால் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

முதலில் ஒன்று. மோல்டில் இருந்து எடுத்த ரப்பரை உடனே அளந்தால் சரியான எண் வராது. குறைந்தது 16 மணி நேரம் ஆறவிட்டுத்தான் சோதிக்க வேண்டும், அதுதான் முறை. இரவு அடித்த சரக்கை விடிவதற்குள் ஏற்றச் சொன்னால், நீங்கள் உண்மையாகவே அளந்திருந்தாலும் அது முறையான சோதனை ஆகாது. அந்த உத்தரவைப் போட்டவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. அவருடைய பங்கு அங்கே இருக்கிறது, அழிக்க முடியாது.

ஆனால் 60 எங்கே, 48 எங்கே. சூட்டோடு அழுத்திப் பார்த்திருந்தாலும் கைக்குத் தெரிந்திருக்கும். விரல் நகத்தால் அழுத்தினாலே தெரியும். நீங்கள் தொடவே இல்லை.

அடுத்தது. சரக்கு திரும்பினால் வாடிக்கையாளருக்குக் காரண அறிக்கை அனுப்புவோம். அதில் "ஆபரேட்டரின் கவனக்குறைவு" என்று எழுதினால் நல்ல வாடிக்கையாளர் அதை ஏற்கமாட்டார். ஏன் என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் அதற்கும் ஏன் என்பார். கடினத்தன்மை ஏன் குறைந்தது? வேக்காடு, அதாவது ரப்பர் சூட்டில் இறுகுவது, பற்றவில்லை. ஏன் பற்றவில்லை? நேரம் குறைந்திருக்க வேண்டும் அல்லது சூடு குறைந்திருக்க வேண்டும். சூடு ஏன் குறைந்தது? ஹீட்டர் போயிருக்கலாம், சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் தப்பாகக் காட்டியிருக்கலாம். கருவியை ஏன் சரிபார்க்கவில்லை? இப்படி ஒரு ஐந்தாறு படி இறங்கினால்தான் தரை தட்டும். உங்கள் பதிவில் நீங்கள் ஒரே படியில் நின்றுவிட்டீர்கள்: "நான் கையெழுத்துப் போட்டேன்." அது கடைசியில் நடந்தது. சரக்கு கெட்டது அதற்கு முன்னால், பிரஸ்ஸில். அங்கே என்ன நடந்தது?

7. பூக்கடை நாலு மணி | திங்கள், மாலை 6.40

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் 18 ஆண்டுகள் கமிஷன் கடை வைத்திருந்தேன். இப்போது வேறொருவர் கடையில் கணக்கு எழுதுகிறேன்.

"கொரோனாவில் கடை போய்விட்டது" என்றுதான் எல்லாரிடமும் சொல்வேன். 2020இல் மல்லிகையைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள், பறிகூலிக்குக் கட்டவில்லை. கோயில் இல்லை, கல்யாணம் இல்லை, பூ வாங்க ஆள் இல்லை. உண்மைதான். ஆனால் என் கடைக்கு வலப்புறத்துக் கடைக்கும் அதே கொரோனாதானே வந்தது? அந்தக் கடை இன்றும் இருக்கிறது. அவர் தினமும் மதியத்துக்குள் கடன் பாக்கியைச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார். நான் வாய்க்கணக்கு. மண்டப அலங்காரக்காரர்கள் இரண்டு பேரிடம் மட்டும் நாலரை லட்சம் நின்றது. கேட்டபோது, "எந்தக் கணக்கு அண்ணாச்சி?" என்றார்கள். காட்ட என்னிடம் ஒரு துண்டுச்சீட்டு இல்லை.

மார்கழி, தையில் பனி பெய்தால் வரத்துக் குறைந்து விலை ஏறும். பங்குனி, சித்திரையில் வரத்துப் பெருகி இறங்கும். அதை யார் தடுக்க முடியும்? சீட்டு எழுதுவதை யார் தடுத்தார்கள்? இப்போது கணக்கு எழுதும் கடையில் ஐந்து ரூபாய்ப் பாக்கியையும் எழுதாமல் விடுவதில்லை.

8. பேரையூர் ஆசிரியர் | திங்கள், இரவு 8.50

தென்கரைவாசிக்கு என் மனமார்ந்த பாராட்டு. நாம் வாழும் ஊர் எந்த ஊர் என்பதை நினைத்துப் பாருங்கள். தன் தீர்ப்பு தவறு என்று தெரிந்த அந்தக் கணத்தில், யார் மேலும் பழி சொல்லாமல், அரியணையிலேயே உயிரை விட்ட பாண்டியனின் ஊர். பொற்கொல்லன் பொய் சொன்னான் என்று அவன் தப்பித்திருக்கலாம். தப்பிக்கவில்லை. அந்த மரபில் வந்தவர் நீங்கள். தவற்றை ஒப்புக்கொண்ட கணத்தில் மனிதன் பெரியவனாகிவிடுகிறான்.

9. ஓய்வுபெற்ற செவிலி | திங்கள், இரவு 9.30

ஆசிரியர் ஐயா பாண்டியனைச் சொன்னார். நான் பக்கத்தில் உள்ள ஒருவரைச் சொல்கிறேன். டாக்டர் கோ. வெங்கடசாமி மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று நினைத்தவர். ராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிவிட்டன. 1948இல் ராணுவத்தை விட்டு வர வேண்டியதாயிற்று. ஓராண்டுக்கு மேல் படுக்கை. அதன்பின் கண் மருத்துவம் படித்து, அந்த விரல்களுக்குக் கத்தி பிடிக்கப் பழக்கி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை செய்தார். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் இதே மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

நோய் அவர் செய்த தவறு இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். தென்கரைவாசி தம்பிக்கு 39 வயதுதான் ஆகிறது.

10. நான்காம் முயற்சி | திங்கள், இரவு 11.05

செவிலி அம்மா சொன்னது எனக்குத் தைரியம் கொடுத்தது, நன்றி. ஆனால் அவருக்கு வந்தது நோய். இங்கே நடந்தது ஒரு செயல். இரண்டும் ஒன்றில்லை என்று நினைக்கிறேன்.

ஆசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும். பள்ளியில் படித்தபோதே பாண்டியன் கதையில் எனக்கு ஒரு குறை உண்டு. அவன் இறந்ததால் கோவலன் எழுந்து வந்துவிட்டானா? சிலம்பை உடைத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. மாணிக்கமா முத்தா என்று அப்போதே தெரிந்திருக்கும். அதைக் கொலைக்கு முன்னால் அவன் செய்யவில்லை. பிறகு ஒரு பெண் வந்து, அவளே உடைத்துக் காட்ட வேண்டியிருந்தது. அவன் உயிர் விட்டதைப் பல நூற்றாண்டுகளாகப் பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டில் வெட்டுப்பட்டவன் மறந்துபோகிறான்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இரண்டாம் ஷிப்ட் அண்ணன் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அன்று இரவு அந்தப் பிரஸ்ஸில் நின்றவர் யார்? அவருக்கு என்ன ஆயிற்று?

11. இரண்டாம் ஷிப்ட் | செவ்வாய், காலை 6.20

அதே கேள்விதான்.

12. பூக்கடை நாலு மணி | புதன், பிற்பகல் 1.00

தம்பி பதில் எழுதட்டும். நெருக்க வேண்டாம். சில சொற்கள் வெளியே வர நாளாகும்.

13. தென்கரைவாசி | வியாழன், அதிகாலை 2.15

மூன்று நாட்களாக எழுதி எழுதி அழித்தேன்.

முதல் பதிவில் நான் சொன்னது உண்மை, ஆனால் எனக்குச் சொல்ல வசதியான உண்மை. அவசரம், களைப்பு, பழைய தாளைப் பார்த்து எழுதினேன் என்றால் கேட்பவர் மன்னித்துவிடுவார். பட்டறை முதலாளியின் முன்னால் என் வாயை அடைத்தது அது மட்டும் இல்லை.

பிரஸ்ஸில் நின்றது செல்லம்பட்டிப் பக்கத்துப் பையன். அப்போது அவனுக்கு 22 வயது. ஒப்பந்தத் தொழிலாளி. இரவு பதினொன்றே கால் இருக்கும். என்னிடம் வந்து, "சார், மேல் பிளேட் சூடு ஏறவில்லை. மீட்டர் 160 காட்டுகிறது, ஆனால் சரக்கு ஒட்டுகிறது, பார்க்க வாருங்கள்" என்றான். நான் போகவில்லை. நிறுத்தினால் ஹீட்டரைக் கழற்றி மாட்ட மூன்று மணி நேரம் ஆகும், லாரி போகாது. "ஓட்டு, ஒன்றும் ஆகாது" என்றேன். அரை மணி நேரத்தில் மறுபடியும் வந்தான். கையில் ஓர் உருப்படியைக் கொண்டுவந்து காட்டினான். அதை வாங்கி, பார்க்காமல், குப்பைத் தொட்டியில் போட்டேன். அதன் பிறகு அவன் வரவில்லை.

ஆகவே நான் அளக்காததற்குக் காரணம் களைப்பு இல்லை. அளந்தால் என்ன எண் வரும் என்று எனக்குத் தெரியும்.

சரக்கு திரும்பியதும் கூட்டம் போட்டார்கள். எண்ணிக்கை காட்டுவதற்காக ஆபரேட்டர் வேக்காட்டு நேரத்தைக் குறைத்துவிட்டான் என்று மேலாளர் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேசையைப் பார்த்தேன். மறுநாள் அவனுடைய கார்டு வாசலில் வேலை செய்யவில்லை. ஒப்பந்ததாரர் "இனி வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். எனக்கு இரண்டு மாதம் கழித்து "மரியாதை" கிடைத்தது. அவனுக்கு அதுவும் இல்லை.

நான்காம் முயற்சி தங்கை, நீங்கள் கேட்டிருக்காவிட்டால் ஆசிரியர் ஐயாவின் பாராட்டை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பேன்.

14. இரண்டாம் ஷிப்ட் | வியாழன், காலை 6.05

படித்தேன். கோபமாக இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. நானும் 23 வயதில் பிரஸ் முன்னால் நின்று இதே "ஓட்டு" என்ற சொல்லைக் கேட்டவன். அடுத்த இடத்தில் வேலை கேட்கும்போது "நேரத்தைக் குறைத்து ஓட்டியவன்" என்ற பெயர் கூடவே வரும். தொழிற்பேட்டைகளில் ஒப்பந்ததாரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். உங்களுக்குப் போனது ஒரு வேலை, அவனுக்குப் போனது கைத்தொழிலின் பேர்.

இங்கே எங்களிடம் சொன்னது போதாது. அவனிடம் சொல்ல வேண்டும், அந்தப் பொய்யை எழுதி வைத்திருக்கும் இடத்திலும் சொல்ல வேண்டும்.

15. பேரையூர் ஆசிரியர் | வியாழன், காலை 9.40

என் பாராட்டை அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அந்தப் பெண் சொன்னது சரி. முப்பது ஆண்டுகள் வகுப்பில் பாண்டியனின் மரணத்தை உருக்கமாக நடத்தியிருக்கிறேன். கோவலன் பக்கமிருந்து ஒரு மாணவரும் கேள்வி கேட்டதில்லை. கேட்க நான் இடம் கொடுத்ததில்லை என்பதே பொருத்தம்.

16. யானைமலை | வியாழன், பகல் 12.20

திங்கட்கிழமை நான் எழுதியதில் ஒரு பகுதியைத் திருத்த வேண்டும். பொறுப்பு மேலிருந்து கீழே தள்ளப்படும் என்றேன். அந்தச் சங்கிலியில் தென்கரைவாசியைக் கீழ்க்கண்ணி என்று நினைத்துவிட்டேன். அவருக்கும் கீழே ஒருவர் இருந்திருக்கிறார்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நிறுவனத்துக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு கடிதம். தேதி, ஷிப்ட், பிரஸ் எண், ஆபரேட்டர் எத்தனை முறை எச்சரித்தார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், இவ்வளவுதான். உணர்ச்சி வேண்டாம். ஒரு பிரதி அந்த இளைஞரிடம் இருக்கட்டும். அடுத்த வேலைக்குப் போகும்போது அவருக்குப் பயன்படும். அவருடைய பி.எப். கணக்கில் ஒப்பந்ததாரர் ஒழுங்காகப் பணம் கட்டியிருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல இடங்களில் பிடித்தம் நடந்திருக்கும், கட்டியிருக்கமாட்டார்கள்.

பணிக்கொடை விண்ணப்பத்தை இந்தக் கடிதத்தோடு கலக்காதீர்கள். இது நீங்கள் கொடுக்க வேண்டியது, அது நீங்கள் வாங்க வேண்டியது. கடிதம் கொடுத்ததால் பணிக்கொடை உரிமை போய்விடாது. ஒருவேளை அவர்கள் அப்படி மிரட்டினால் என்னிடம் சொல்லுங்கள்.

17. நான்காம் முயற்சி | வியாழன், இரவு 10.10

அண்ணன், கடுமையாகக் கேட்டுவிட்டேனோ என்று நான்கு நாளாக மனம் உறுத்தியது. கேட்டது சரிதான் என்று இப்போது தோன்றுகிறது. போய்ப் பாருங்கள். போனில் பேசாதீர்கள், நேரில் போங்கள்.

18. தென்கரைவாசி | அடுத்த ஞாயிறு, இரவு 8.30

நேற்றுப் போனேன். வீட்டைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று. அவர் அங்கே இல்லை. திருமங்கலத்தில் ஒரு டயர் ரீட்ரேடிங் பட்டறையில் இருப்பதாக அவருடைய அம்மா சொன்னார். அந்த அம்மாவிடம் நான் யார் என்று சொன்னேன். தண்ணீர் கொடுத்தார். வேறொன்றும் பேசவில்லை.

திருமங்கலம் போய்ச் சேரும்போது மாலை ஐந்து. வேலை முடியும்வரை எதிரே நின்றேன். வெளியே வந்தவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். அவருக்கு 22 வயதாக இருந்தபோது "அவன்" என்று கூப்பிட்டுப் பழகிவிட்டேன். நேற்று அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை. நான் எதற்கு வந்தேன் என்று சொல்லத் தொடங்கினேன். நடுவில் நிறுத்தி, "சார், அந்த ஹீட்டரை மாற்றிவிட்டார்களா?" என்று கேட்டார். அவருடைய சித்தப்பா மகன் இப்போதும் அங்கே வேலை பார்க்கிறானாம். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

ஏழு மாதம் வேலை இல்லாமல் இருந்திருக்கிறார். கேட்ட இடமெல்லாம் மறுத்திருக்கிறார்கள். தங்கையின் நகையை அடகு வைத்து ஓட்டியிருக்கிறார்கள். கோபப்படாமல், யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மன்னித்துவிட்டேன் என்றும் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எழுதிக் கொண்டுபோயிருந்த கடிதத்தைக் காட்டினேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். தேதியில் ஒரு திருத்தம் சொன்னார். நான் 17 என்று எழுதியிருந்தேன், அன்று 18. பிறகு "எனது கவனக்குறைவால்" என்று தொடங்கும் வரியில் விரலை வைத்தார்.

"இது கவனக்குறைவு இல்லை சார். நான் இரண்டு முறை சொன்னேன். நீங்கள் ஓட்டு என்றீர்கள். அதை அப்படியே எழுதுங்கள்."

அந்த வரியை அடித்துவிட்டு, அவர் சொன்னதை அவருடைய பேனாவால் எழுதினேன். இரவு வீட்டில் நல்லபடியாகப் பிரதி எடுத்தேன். ஒன்று தொழிற்சாலைக்கு, ஒன்று ஒப்பந்ததாரருக்கு, ஒன்று அவருக்கு. நாளைக் காலை பத்து மணிக்குத் தபால் நிலையம் திறந்ததும் ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். பணிக்கொடை விண்ணப்பம் தனி உறையில் இருக்கிறது.